அந்தப் படத்தில் இருப்பது யார்?

ஒரு நாவலை முடிப்பதற்காக ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். நாவல் முடியவில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்திருக்கிறது. ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்கே ஒரு பையனுக்கும் அவன் தகப்பனாருக்கும் தொல்லை வரும். ஜமுனாமரத்தூரிலிருந்து நெடுந்தூரம் உள்ளே தள்ளியிருக்கிற இடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்சாலை முடிகிற இடத்தில் ஒரு பஸ் நிழற்குடை இருக்கிறது. நாளைக்கு இரண்டு தடவை பஸ் அங்கே வந்து திரும்பிப் போகும். அதற்கு மேலே இருக்கிற குடியிருப்புகளுக்கு ஒற்றையடிப் பாதைதான். மழைக் காலத்தில் அதுவும் ஓடையாகிவிடும். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனாலோ, ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டாலோ, ஒரு கழியில் போர்வையைத் தூளி மாதிரிக் கட்டி, அதிலே கிடத்தி, முன்னும் பின்னுமாக ஆட்கள் தோள் கொடுத்து, ஆம்புலன்ஸ் நிற்கிற இடம் வரைக்கும் இறங்க வேண்டும். பத்திரிகைக்காரர்கள் இதை 'டோலி' என்று எழுதுகிறார்கள். பெயர் என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. தோளில் சுமக்கிறவனுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

சாலை கேட்டு எழுதிய மனுக்களின் பேரில் நேரில் பார்வையிட ஓர் அதிகாரி வரப் போகிறார் என்று ஒருநாள் செய்தி வந்தது. எந்த இலாகா, என்ன பதவி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவர் வருவதற்கு முந்தின நாள் நிழற்குடைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சாலை போட முடியாவிட்டாலும் சுண்ணாம்பு அடிக்க முடியுமல்லவா?

மறுநாள் விடிந்தபோது அந்த வெள்ளைச் சுவரில் கரித்துண்டால் ஒரு படம் வரைந்திருந்தது. எலும்பும் தோலுமாக இரண்டு மனிதர்கள் ஒரு கழியைச் சுமந்து போகிறார்கள். கழியிலே தொங்குகிற தூளியில் ஒரு பருத்த மனிதர், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, செல்போனில் பேசியபடி சயனித்திருக்கிறார். அவர் கனத்தில் கழி வில்லாக வளைந்திருக்கிறது. பின்னாலே நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, இடுப்பிலே கையை ஊன்றிக்கொண்டு நடந்து வருகிறாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி இறங்கினார். சுவரைப் பார்த்தார்.

"எவன்டா என்னை இப்படி வரைஞ்சது?" என்றார்.

வரைந்தவன் ஒன்பதாம் வகுப்புப் பையன். கால்மணி நேரத்தில் அவனைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வயலில் நின்ற தகப்பனாரையும் அழைத்து வந்தார்கள். அவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, "தெரியாம கிறுக்கிட்டான் சாமி, மன்னிச்சுக்குங்க" என்று கும்பிட்டார். அது போதவில்லை. எழுத்து மூலமாக வேண்டுமாம். ஒரு குமாஸ்தா எழுதினார். தகப்பனார் கைநாட்டு வைத்தார். பையன் தன் கையாலேயே சுண்ணாம்பு அடித்துப் படத்தை மறைத்தான். இதற்குள் பன்னிரண்டு மணியாகிவிட்டது. வெயில் ஏறிவிட்டபடியால் பாதையை இன்னொரு நாள் பார்க்கலாமென்று ஜீப் திரும்பிவிட்டது.

நான் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருந்தேன். தகப்பனார் என்னை ஒரு தடவை பார்த்தார். எழுதுகிறவன், பட்டணத்துக்காரன், நாலு வார்த்தை பேசக்கூடும் என்று நினைத்திருக்கலாம். நான் எழுந்து போய் அவர் காதிலே, "மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், பையன் படிப்பு முக்கியம்" என்று சொன்னேன். நான் பேசியது அது ஒன்றுதான்.

சாயங்காலம் பையன் டீக்கடைக்கு வந்தான். "ஏன்ப்பா, அவரையா வரைஞ்சே?" என்று கேட்டேன்.

"அவரை நான் அதுக்கு முன்னே பார்த்ததே இல்லீங்க சார்" என்றான்.

உண்மைதானே! மனுக்கள் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியும் ஒருநாளும் வராத மனிதரை அவன் எப்படி வரைந்திருக்க முடியும்? அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. அது நான்தான் என்று சொன்னவர் அவர் ஒருவரே.

பட்டணம் திரும்பியதும் இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். ஓய்வுபெற்ற பேராசிரியர், நல்ல ரசிகர், வீட்டிலே ஆர்.கே. லக்ஷ்மணின் தொகுதிகளை அடுக்கி வைத்திருப்பவர். "பையன் செய்தது தப்புத்தான். அதிகாரி வந்தால் மனு கொடுக்க வேண்டும். படம் போடுவதா? அதுவும் அரசாங்கச் சுவரில்! கேலிச் சித்திரம் என்பது ஒரு கலை ஐயா. அதற்கு ஒரு மரபு இருக்கிறது, ஒரு தராதரம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பாரும்" என்றார்.

பார்த்தேன். அவர் சொன்னாரே என்பதற்காகவே உட்கார்ந்து பார்த்தேன். அவருக்கு நன்றி. பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் காலத்து லண்டனில் அரசியல் கேலிப் படங்கள் பத்திரிகையில் வரவில்லை. செப்புத் தகட்டிலே செதுக்கி, தனித்தனித் தாளாக அச்சடித்து, கையால் வர்ணம் தீட்டிக் கடையில் வைத்து விற்றார்கள். ஒரு படத்தின் விலை கூலிக்காரனுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் கடைக்காரர்கள் புதுப் படங்களைக் கண்ணாடி ஜன்னலில் மாட்டி வைப்பார்கள். காசு கொடுத்து வாங்கியவர் துரைமார். காசில்லாமல் வெளியே நின்று பார்த்துச் சிரித்தவர்கள் தெருவில் போகிறவர்கள். செயின்ட் ஜேம்ஸ் தெரு 27ஆம் எண் கடை ஹன்னா ஹம்ப்ரி என்கிற அம்மாளுடையது. அதற்கு மேல் மாடியிலேதான் ஜேம்ஸ் கில்ரே என்ற மகா கெட்டிக்காரன் குடியிருந்து வரைந்தான். தராதரம் பார்க்க வேண்டுமானால் அவனைத்தான் பார்க்க வேண்டும். 1792இல் அவன் பட்டத்து இளவரசரை வரைந்தான்: தின்று தீர்த்துவிட்டு, சட்டைப் பொத்தான் தெறிக்கிற வயிற்றோடு சாய்ந்து, முள்கரண்டியால் பல் குத்திக்கொண்டிருக்கிறார், பக்கத்திலே பாக்கித் தொகைச் சீட்டுகள் குவிந்து கிடக்கின்றன. நிழற்குடைச் சுவரில் இருந்த கறுப்புக் கண்ணாடிக்காரர் இதற்கு எவ்வளவோ மரியாதையானவர்.

இன்னொரு படத்தைப் பற்றிச் சொன்னால் பேராசிரியர் திகைப்பார். வாரன் ஹேஸ்டிங்ஸ் இந்தியாவில் செய்த அக்கிரமங்களுக்காக 1788ஆம் ஆண்டு பிப்ரவரியில் பார்லிமெண்டில் விசாரணை தொடங்கியது. அடுத்த மாதமே கில்ரே ஒரு படம் போட்டான். ரத்த சமுத்திரம், அதிலே இந்தியர்களின் பிணங்கள் மிதக்கின்றன. லார்டு சான்ஸலர் தர்லோ பிரபு அதில் இறங்கி நடக்கிறார். அவர் தோள்மேலே, பண மூட்டைகளை அணைத்துக்கொண்டு, காலிலே ஒரு சொட்டுப் படாமல் ஹேஸ்டிங்ஸ் சவாரி செய்கிறார்.

ஒருவன் தோள்மேல் இன்னொருவன்! நம் மலைப் பையன் கில்ரேயின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டான். என்றாலும் அவன் மனசுக்கு வந்தது அதே உருவந்தான். கேலிச் சித்திரத்தை 'கேரிகேச்சர்' என்கிறோமே, அந்தச் சொல் இத்தாலியிலிருந்து வந்தது. சுமை ஏற்றுவது என்று அதற்கு அர்த்தம். முகத்திலே மூக்கையும் வயிற்றையும் மிகையாக ஏற்றி வரைவதால் வந்த பெயர். எங்கள் மலையிலே அதற்கு வியாக்கியானம் தேவையில்லை.

அந்தப் படத்தால் ஹேஸ்டிங்ஸுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஏழு வருஷம் வழக்கு இழுத்து 1795இல் விடுதலையாகிவிட்டார். படம் யாரையும் தண்டிக்காது. ஆனால் கில்ரேயின் கையைப் பிடித்து அவனையே அந்தத் தகட்டைச் சுரண்டச் சொல்லவில்லை என்பதைப் பேராசிரியர் கவனிக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? துரைமார் பெருந்தன்மைக்காரர்களா? இல்லை. வழக்குப் போட வேண்டுமானால், அந்த அவலட்சணமான உருவம் நான்தான் என்று கோர்ட்டிலே ஏறி நிரூபிக்க வேண்டும். ஊர் சிரிக்காதா? அந்த விவேகம் அவர்களுக்கு இருந்தது. நம் அதிகாரிக்கு இல்லை. கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டார்.

வேறு உபாயங்கள் அவர்களுக்குத் தெரியும். 1797லிருந்து கில்ரேக்கு அரசாங்கத்திடமிருந்து வருஷம் 200 பவுன் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அப்புறம் அவன் கூர்மை எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பல் குத்திக்கொண்டிருந்த அந்த இளவரசர் நாலாம் ஜார்ஜ் ஆனதும், 1820இல் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் என்ற இளைஞனுக்கு 100 பவுன் கொடுத்தார்கள். ராஜாவை ஒழுக்கக்கேடான கோலத்தில் வரைவதில்லை என்று அவன் எழுதிக் கொடுத்தான். அங்கேயும் எழுத்து மூலந்தான்! ஆனால் அவனுக்கு 100 பவுன் கிடைத்தது. நம்மவருக்குக் கட்டைவிரல் மையைத் துடைக்கத் துணிகூடக் கிடைக்கவில்லை.

ஆகவே அந்த மரபை எனக்குக் காட்டாதீர்கள். அந்த மரபின் பக்கம் நிற்கிறவன் பையன்; எதிரே நிற்கிறவர்கள் நீங்களும் நானும்.

நம் மரபுக்கு வருவோம். தமிழிலே அரசியல் கேலிச் சித்திரத்தைத் தொடங்கி வைத்தது 1906இல் பிறந்த 'இந்தியா' பத்திரிகை. பாரதி யோசனை சொல்ல, சித்திரக்காரர் வரைய, படத்துக்கு விளக்கமும் சேர்த்துப் போட்டார்கள். வெள்ளைக்காரனை வரைந்தார்கள், அவனுக்குக் குடைபிடித்த நம்மவர்களையும் விட்டுவைக்கவில்லை. 1908இல் பத்திரிகைக்கு ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்தவரைப் பிடித்துச் சிறையில் போட்டபோது, பாரதி புதுச்சேரிக்குப் போய் அங்கிருந்து நடத்தினார். அப்போதும் "படம் போடுவதா, மனு கொடுக்க வேண்டியதுதானே" என்று உபதேசித்தவர்கள் சென்னையில் ஏராளம். மிதவாதிகள் என்று அவர்களுக்குப் பெயர். பேராசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

1987இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. மேடையில் இருப்பவர்களில் ஜேப்படிக்காரர் போல இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் போல இருப்பவர் மந்திரி என்பது அதன் சாரம். சட்டசபை கொதித்தது. மன்னிப்புக் கேட்க மறுத்த ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்பைப் பார்த்துச் சில நாட்களிலேயே விட்டுவிட்டார்கள். பிற்பாடு அவர் வழக்காடி, ஆயிரம் ரூபாய் நஷ்ட ஈடும் வாங்கினார். அங்கேயும் எந்த எம்.எல்.ஏ.வின் பெயரும் இல்லை. இருந்தும் அத்தனை பேரும் கண்ணாடியைப் பார்த்தது போலத் துள்ளினார்கள். நான் அப்போது அரிச்சுவடி படிக்கிற பையன். என் தகப்பனார் அந்த இதழைப் பெட்டியிலே பத்திரப்படுத்தி வைத்திருந்தது நினைவிருக்கிறது.

2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வாசலில், கந்துவட்டிக் கொடுமைக்கு மனு மேல் மனு கொடுத்து அலுத்துப்போன ஒரு குடும்பம், இரண்டு பச்சைக் குழந்தைகளோடு தீயிலே மாண்டது. கார்ட்டூனிஸ்ட் பாலா அதைப் பற்றி வரைந்தார். குழந்தை எரிந்துகொண்டிருக்க, அதிகாரமுள்ள மூவர் ஆடையின்றி நின்று, ரூபாய் நோட்டுகளால் மானத்தை மறைத்துக்கொள்கிறார்கள். நவம்பரில் அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. படம் அருவருப்பாக இருக்கிறது என்றார்கள். இருக்கத்தான் இருந்தது. மனு கொடுங்கள், மனு கொடுங்கள் என்கிறோமே, மனு கொடுத்துக் கொடுத்துத்தான் அந்தக் குடும்பம் அந்த வாசலுக்கு வந்தது.

2025 பிப்ரவரியில் பிரதமரை விலங்கு பூட்டிய கோலத்தில் வரைந்த படத்துக்காக விகடனின் இணையதளத்தையே முடக்கினார்கள். மார்ச்சில் உயர் நீதிமன்றம், படத்தைத் தற்போதைக்கு எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்கலாம் என்றது. ஆளுகிறவர் எந்தக் கட்சியானாலும், தோல் ஒரே மாதிரி மெல்லிசாகத்தான் இருக்கிறது.

இந்த மூன்று சமயங்களிலும் என்னைப் போன்றவர்கள் வெகுண்டெழுந்தோம். அறிக்கை விட்டோம், கையெழுத்துப் போட்டோம். கூட்டத்திலே நேருவின் பெயரைச் சொன்னோம்: தம்மையும் விட்டுவைக்க வேண்டாமென்று சங்கரிடம் கேட்டுக்கொண்ட பெரிய மனுஷர். நல்லது. பெரியவர்கள் பெருந்தன்மையால் அனுமதித்தால் அது அவர்களுடைய குணத்துக்குப் பெருமை. வரைகிறவனுடைய உரிமை அவர்கள் குணத்திலா தொங்குகிறது? நான் கேட்பது அதைவிடச் சின்னக் கேள்வி. பிரபல பத்திரிகைக்கு ஒன்று என்றால் கொதிக்கிற நமக்கு, மலைப் பையன் கையில் இருந்த கரித்துண்டுக்கு ஒன்று என்றால் ஏன் அவனுடைய படிப்பின்மேல் அக்கறை வந்துவிடுகிறது?

எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்கிறேன். வரைகிறவர்கள் நாம், வரையப்படுகிறவர்கள் அவர்கள் என்பது நம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது.

நம் பத்திரிகைகளின் பழைய சிரிப்புப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். எண்ணெய்க் கொப்பரை அளவு பாத்திரத்தில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் வெந்துகொண்டிருப்பார். சுற்றிலும் தலையிலே எலும்பைச் செருகிக்கொண்டு, இடுப்பிலே தழையைக் கட்டிக்கொண்டு, கறுத்த மனிதர்கள் குதிப்பார்கள். கீழே ஒரு ஹாஸ்யம். நானும் சிரித்திருக்கிறேன். அதைவிட மோசம், எழுதத் தொடங்கிய காலத்தில் அப்படி ஒரு துணுக்கு எழுதி ஐம்பது ரூபாய் சன்மானமும் வாங்கியிருக்கிறேன். ஜவ்வாது மலையின் மலையாளிகள் சாமை விதைத்து, பலாவும் புளியும் விற்று, வாரச் சந்தைக்கு வந்து போகிறவர்கள். அவர்களில் ஒருவர் தலையிலும் நான் எலும்பைப் பார்க்கவில்லை. காவலூரில் 2.34 மீட்டர்த் தொலைநோக்கி வைத்து 1986லிருந்து நட்சத்திரங்களைத் தெளிவாகப் பார்க்கிறோம். அந்த மலைக்குக் கீழேயிருந்து மேலே வாழ்கிற மனிதரைப் பார்க்கிற கண்ணாடிதான் நமக்குச் சரியாக அமையவில்லை.

கில்ரேயும் இந்தப் பாவத்துக்கு விலக்கில்லை. இளவரசரை வரைந்த அதே 1792இல், பாரிஸ் நகரத்து ஏழை ஜனங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து நரமாமிசம் தின்பது போல ஒரு படம் போட்டான். நம் கொப்பரைப் படத்துக்கு அது அண்ணன். 1783இல் சேயர்ஸ் என்பவன் பாக்ஸின் இந்தியா மசோதாவைக் கேலி செய்து, பாக்ஸை ஒரு மொகலாய ராஜாவாக யானைமேல் ஏற்றினான். பார்லிமெண்ட் விவாதங்களைவிட அந்தப் படங்களே தமக்கு அதிகக் கேடு விளைவித்ததாக பாக்ஸ் சொன்னதாக ஒரு பதிவு உண்டு. நம்மை ஆள்வதைப் பற்றிய சண்டை. அதிலே நம் தேசம் வந்தது தலைப்பாகையாகவும் யானையாகவும் மட்டுமே. அதை இன்று பார்க்கிற நமக்குச் சுருக்கென்கிறது. மலைக்காரருக்கு மட்டும் சுருக்கென்னாதா?

2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலக் காட்டில் 20 பேரை ஆந்திரப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களிலிருந்து கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள். மறுநாள் கடத்தல்காரர் என்ற ஒரு சொல்லிலேயே அவர்களை வரைந்து முடித்தவர்கள் உண்டு. அந்தச் சித்திரத்துக்காக யாரும் யாரிடமும் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்கவில்லை.

பேராசிரியர் கடைசியாக ஒன்று சொன்னார்: "எல்லாம் சரி, ஆனாலும் மிகைப்படுத்தல் ஐயா! கர்ப்பிணி நடக்க, அதிகாரி தூளியில் போவதா?" மிகைதான். மிகையில்லாவிட்டால் அது போட்டோ. ஆனால் 2023 மே மாதத்தில் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் நடந்ததை அவர் மறந்துவிட்டார். பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலோடு திரும்பிய ஆம்புலன்ஸ், சாலையில்லாமல் பாதியில் நின்றுவிட்டது. பெற்றவள் அந்த உடலைக் கையில் ஏந்திக்கொண்டு மலை ஏறினாள். இதைவிட மிகையாக ஒரு சித்திரக்காரன் எதைப் போட்டுவிட முடியும்? பையன் அடக்கமாகவே வரைந்திருக்கிறான்.

போன வாரம் டீக்கடைக்காரரோடு போனில் பேசினேன். பாதை அப்படியேதான் இருக்கிறதாம். அதிகாரி அப்புறம் வரவில்லையாம். பையன் இப்போது வரைகிறானா என்று கேட்டேன். "இல்லீங்க சார். கேட்டா, அப்பா வேணாம்னுட்டாருன்றான்" என்றார்.

அப்பாவுக்கு அந்த யோசனையைச் சொன்னவன் நான். போனில் திருப்பி வாங்கிக்கொள்கிற விஷயமில்லை அது. சாமை அறுவடை முடிந்த கையோடு வந்தால் அவரை வீட்டில் பார்க்கலாம் என்று டீக்கடைக்காரர் சொல்கிறார். போகிறேன்.